மெக்சிகோ சிட்டியில் மாயா அரும்பொருள் பார்க்க ஒரே ஒரு நாள், எங்கே போகலாம்?

தாண்டிக்குடி மிளகு:
மிளகு பறிப்பு முடிஞ்ச கையோட மகள் வீட்டுக்கு மெக்சிகோ சிட்டி கிளம்புறேன். போறது பேரனைப் பார்க்கத்தான், ஆனா ஒரு நாளை எனக்குன்னு கேட்டு வாங்கி வெச்சிருக்கேன். மெக்சிகோவோட பழைய மாயா நாகரிகத்து ராஜா பாக்காலோட கல் சவப்பெட்டியைப் பார்க்கணும். அதோட மூடியில இருக்கிறது ராக்கெட் ஓட்டுற ஆளுன்னு வீட்டுக்காரர் யூடியூப் பார்த்துட்டு அடிச்சுச் சொல்றார். எனக்கு மூடி முக்கியமில்லை. பெட்டியோட பக்கவாட்டுல பழமரங்கள் செதுக்கியிருக்காமே, அதுல நம்ம பட்டர் ப்ரூட்டும் உண்டாமே? காத்தடிச்சா கிளை முறிஞ்சு காப்பிச் செடி மேல விழுற அந்த மரத்தோட தினம் மல்லுக்கட்டுறவ நான். எங்கே போனா பார்க்கலாம்?

கோத்தகிரி குளிர்:
அக்கா, அசல் பெட்டி அந்த ஊர்ல இல்லை. தெற்கே சியாபாஸ் மாநிலத்துல, பலெங்கேங்கிற பழைய மாயா நகரத்துக் கோயிலுக்கு அடியில 1952ல கண்டுபிடிச்ச அதே அறையிலதான் இன்னும் இருக்கு. ஒரு நாள்ல போய்த் திரும்புற தூரமில்லை.

நீங்க தேசிய மானுடவியல் அருங்காட்சியகம் போங்க. முற்றத்துல ஒத்தைத் தூண் கூரையிலிருந்து தண்ணி கொட்டும், பாதிப் பேர் அங்கேயே போட்டோ எடுத்து நேரத்தை விடுவாங்க. சூரியக் கல்லைச் சுத்தியும் கூட்டம் மொய்க்கும். அது அஸ்டெக்குன்னு வேற மக்களோடது, மாயா இல்லை. மாயா கூடத்துல படி இறங்கினா பாக்கால் கல்லறையோட நகல். அவர் முகத்துல இருந்த பச்சைக்கல் முகமூடியும் அந்தக் கூடத்துலதான். 1985 கிறிஸ்துமஸ் அன்னைக்குக் களவு போய் 1989ல திரும்பக் கிடைச்சது.

ராக்கெட் விஷயம்: படத்தைப் படுக்கப்போட்டுப் பார்க்கிறவங்களுக்குத்தான் அது ராக்கெட். நிமிர்த்திப் பாருங்க, கீழே பாதாளத்தோட வாய், மேலே உலக மரம், நடுவில கி.பி. 683ல செத்துப்போன ராஜா. பக்கவாட்டுல முன்னோர்கள் ஆளுக்கொரு பழமரத்தோட மண்ணைப் பொளந்து முளைக்கிறாங்க. கோகோ, கொய்யா, உங்க பட்டர் ப்ரூட் எல்லாம் உண்டு. இந்தக் கதையெல்லாம் விட எனக்கு அதுதான் பிடிச்சது.

பண்ணைக்காடு பஸ்:
மெக்சிகோ போங்க, வேண்டாங்கலை. நம்ம கொடைக்கானல் பக்கத்துச் செண்பகனூர் அருங்காட்சியகம் போயிருக்கீங்களா? நம்ம பழனி மலைக் கல்திட்டைகளை, அதான் பலகைக் கல்லை நிறுத்திக் கட்டின பழங்காலக் கல்லறைகளைப் பத்தி ஆங்லேட், நியூட்டன்னு ரெண்டு பாதிரியாருங்க எழுதினதை 1928லேயே தொல்லியல் துறை அச்சுப் போட்டிருக்கு.

தாண்டிக்குடி மிளகு:
போயிருக்கேன் தம்பி, கல்திட்டை பார்க்க நாங்க பஸ் ஏறவே வேண்டாம், ஊர்லேயே இருக்கு. கோத்தகிரிக்காரரே, மகளுக்குத் திங்கட்கிழமைதான் லீவு. அன்னைக்குப் போகலாமா?

கோத்தகிரி குளிர்:
திங்கள் மூடியிருக்கும் அக்கா. ஞாயிறு போங்க, காலையிலேயே.