கீரனூர் – நார்த்தாமலை – திருமயம்: சைக்கிள்ல போனப்ப யாரைப் பாத்தீங்க?

ஒத்தைக்கேரியர்

தை மாசக் கடைசியில ரெண்டு நாள் லீவு கிடைச்சுது. திருச்சியில இருந்து விடியக்காலம் கிளம்பி கீரனூர், நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலைன்னு திட்டம். ராத்திரி புதுக்கோட்டையில தங்கிட்டு மறுநாள் திருமயம். கோயிலைப் பத்தியும் குகையைப் பத்தியும் எழுத நிறையப் பேர் இருக்காங்க. நான் வழியில பாத்த ரெண்டு பேரைப் பத்திச் சொல்றேன். உங்களுக்கு அமைஞ்ச ஆளுங்களைப் பத்தி நீங்களும் எழுதுங்க.

மொதல்ல நார்த்தாமலை. சைக்கிளை அடிவாரத்துல பூட்டிட்டு மேலமலைக்கு ஏறினேன். பாதையில ஒரு சுனை. தலையருவிச் சிங்கம்னு பேரு. பாறையோரம் ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த ஒரு தாத்தா, "அதுக்குள்ள சாமி இருக்கு, தெரியுமா?"ன்னாரு. தண்ணிக்கடியில பாறையைக் குடைஞ்சு ஒரு லிங்கம் இருக்காம். 1857ல தண்ணியை இறைச்சுட்டு புதுக்கோட்டை ராஜா தொண்டைமான் வீட்டு ராணி வந்து கும்பிட்டாங்கன்னு பக்கத்துலயே கல்வெட்டு சொல்லுது. நான் எட்டிப் பாத்தேன், பாசிதான் தெரிஞ்சுது. தாத்தா சிரிச்சாரு. "எனக்கும் தெரிஞ்சதில்ல. இருக்குல்ல, அது போதும்."

மேல விஜயாலய சோழீச்சரம். வெளியில சதுரம், உள்ள கருவறை வட்டம். அரை மணி நேரம் நான் மட்டும்தான். எறங்கி வந்தப்ப தாத்தா அங்கயேதான் இருந்தாரு. சுத்தி இருக்கிற காட்டைப் பத்திக் கேட்டேன். வரைபடத்துல பச்சையா இருக்கேன்னு ஆசையா வந்தவன் நான். வந்து பாத்தா வரிசை வரிசையா தைலமரம். "காடுன்னா காரையும் சூரையும் வீரையும் கிடக்கணும் தம்பி. சின்னப் புள்ளையில சூரைப்பழம் தின்னே வயித்தை நெப்பிக்கிட்டு வீடு போவோம். இதுக்கடியில ஆடு வாய் வைக்க ஒரு புல்லு மொளைக்குமா?" பேசிக்கிட்டே ஒரு தைல இலையைக் கசக்கி மோந்து பாத்தாரு. "சளிக்கு ஆகும், அவ்வளவுதான்."

ரெண்டாவது ஆளுதான் முக்கியம். அன்னவாசலுக்கு முன்னாடி குறுக்கு ரோட்டுல பின்சக்கரத்துல கருவேல முள் ஏறிடுச்சு. மாத்து ட்யூபு வீட்டு மேசை மேல. ஒட்டுற சொலூஷனைத் திறந்தா காஞ்சு கல்லாக் கிடக்கு. உருட்டிக்கிட்டே போறேன், எதிர்ல ஒரு அம்மா, அறுபதை நெருங்கற வயசு இருக்கும், பார் வச்ச ஆம்பளை சைக்கிள்ல புல்லுக்கட்டோட வந்தாங்க. எறங்கினாங்க. என்னைப் பாக்கலை, டயரைத்தான் பாத்தாங்க.

"முள்ளா?"

"ஆமாம்மா. கடை ஏதாவது..."

"கடைக்கு அன்னவாசல் போகணும். வீடு இந்தா இருக்கு, வா."

ஆட்டுக்குத் தண்ணி வைக்கிற சட்டியில ட்யூபை முக்கினாங்க. குமிழி வரலை, ஓட்டை அவ்வளவு சின்னது. எடுத்து உதட்டுக்கிட்ட வச்சு மெதுவா நகர்த்தினாங்க. "இந்தா, ஊதுது பாரு." உப்புத்தாளால தேச்சு, சொலூஷன் தடவி, காய விட்டு, பழைய ட்யூபுல வெட்டின துண்டை வச்சு அம்மிக்குழவியால ஒரு தட்டு. காத்தடிக்கறப்பதான் சிக்கல். என் சைக்கிள் வால்வு ஒல்லி, அவங்க பம்பு பிடிக்கலை. என் கைப்பம்பால நான் இருநூறு தடவை குத்தினதை வேடிக்கை பாத்துக்கிட்டே விலை கேட்டாங்க. பாதியாக் குறைச்சுச் சொன்னேன்.

"அம்புட்டா? கேரியர் இல்ல, ஸ்டாண்டு இல்ல, மட்காடு கூட இல்லையே!"

எங்க கத்துக்கிட்டீங்கன்னு கேட்டேன். "அறிவொளியில"ன்னாங்க. 91ல அந்த எழுத்தறிவு இயக்கத்துல படிக்கப் போன இடத்துலயே சைக்கிளும் ஓட்டக் கத்துக்குடுத்தாங்களாம். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவங்க ஆம்பளை சைக்கிள்லயே ஏறிட்டாங்க. "பாருல புள்ளையை உக்கார வைக்கலாம்ல. லேடீஸ் சைக்கிள்ல புள்ளையை எங்க வைக்கறது?" அந்தப் பார்ல உக்காந்து போன பையன் இப்ப திருப்பூர்ல இருக்கானாம்.

சித்தன்னவாசலுக்குப் போறப்ப மணி பன்னெண்டு. குகைக்கோயில் விதானத்துல வரைஞ்சிருக்கிற தாமரைக் குளத்தை அண்ணாந்து பாத்துட்டு, ஏழடிப்பட்டம்ங்கிற குகைக்கு மேல ஏறிச் சுத்திக்கிட்டுப் போனா, சமணத் துறவிங்களோட கல் படுக்கை 17ம் அடுப்புக்கல்லாக் கொதிக்குது. அதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்லை, நான் பாதி மயக்கத்துல இருந்தேன்.

கீரனூர்வாசி

அந்தச் சுனை தாத்தா எனக்கும் பழக்கம், பீடி கேப்பாரு.

சைக்கிள்ல வர்றவங்களுக்கு ஒரு யோசனை. புதுக்கோட்டை மெயின் ரோட்டுலயே மிதிக்காதீங்க, லாரிக்காத்து தள்ளிடும். உள் ரோட்டுல வந்தா நாய் தொல்லை உண்டு. ஊர் எல்லையில நாய் துரத்தினா வேகமா மிதிக்காம எறங்கி சைக்கிளை நடுவுல வச்சுக்கிட்டு நடங்க. பத்தடியில அதுக்கே அலுத்துடும். எனக்குத் துரத்தல்ல அமைஞ்சது நாய் இல்லை, மயில். விராலிமலைப் பக்கம் வேகமா எறக்கத்துல வரேன், ஒரு ஆண் மயில் தோகையோட குறுக்க பறந்து என் ஹேண்டில்பாரை உரசிட்டுப் போச்சு. கொடும்பாளூர் மூவர் கோயில் வந்தும் கை நடுக்கம் நிக்கலை. மூணு விமானத்துல ரெண்டுதானே நிக்குதுன்னு உங்களுக்குத் தெரியும். அன்னிக்கு எனக்கு நாலு தெரிஞ்சுது.

திருமயத்துக்காரி

ஒத்தைக்கேரியர் அண்ணா, அந்த அம்மா என் அம்மாவா இருக்க முடியாது, ஆனா படிக்கறப்ப அவங்க மாதிரியே கேட்டுச்சு.

எங்கம்மா வாடகை சைக்கிள்ல கத்துக்கிட்டாங்க. சாயங்காலம் பொட்டல்ல, ஆம்பளைங்க கேலி பண்ணிக்கிட்டு நிப்பாங்களாம். அப்பா தடுக்கலை, ஆனா பாக்காத மாதிரி மாட்டுக்கொட்டகைக்குள்ள போயிடுவாராம். முட்டி பேந்ததை மறைக்கச் சேலையை இன்னும் இறக்கிக் கட்டுவாங்களாம். 1992 மகளிர் தினத்துல 1500க்கும் மேல பெண்கள் புதுக்கோட்டைக்குள்ள சைக்கிள்ல வந்தாங்களே, அதுல அம்மாவும் ஒருத்தி. அப்ப கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத் பேரை இன்னிக்கும் 'நம்ம சுங்கத்தம்மா'ன்னுதான் சொல்லுவாங்க.

போன வருஷம் நானும் அம்மாவும் ஆளுக்கொரு சைக்கிள்ல திருமயம் கோட்டைக்குப் போனோம். வாசல்ல ஒரு வெளியூர்க் கூட்டம், எல்லாரும் தலைக்கவசம், இறுக்கமான பேன்ட். வழிகாட்டி '1687ல சேதுபதி கட்டினது'ன்னு சொல்லி முடிச்சதும், அதுல ஒரு பையன் அம்மாகிட்ட வந்து, "ஆன்ட்டி, நீங்களும் டூரா?"ன்னான். அம்மா, "இல்லப்பா, ரேஷன் வாங்க வந்தேன், அப்படியே எட்டிப் பாத்தேன்"ன்னாங்க. பொய். ரேஷன் கார்டு வீட்ல இருந்துச்சு.

கல்வெட்டுப் பைத்தியம்

குடுமியான்மலையைப் பற்றி ஒத்தைக்கேரியர் ஒரு வரிகூட எழுதாதது அநியாயம். அங்கே பாறையில் செதுக்கியிருப்பது இசைக் கல்வெட்டு. ஏழு பண்களுக்கான சுரக் கோவைகள். ருத்ராசாரியரின் மாணவர் செய்ததாகக் கல்வெட்டே சொல்கிறது. அந்த மாணவர் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன்தான் என்று அடித்துச் சொல்பவர்களை நம்ப வேண்டாம், அறிஞர்களிடையே அதில் ஒருமித்த கருத்து கிடையாது.

நான் சைக்கிளில் போன அன்று சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். ஒன்றரை மணி நேரம் ஆயிரங்கால் மண்டபத்துத் திண்ணையில் கிடந்தேன். பக்கத்தில் படுத்திருந்த ஒரு பெரியவர், அண்ணா பண்ணையில் விதைநெல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நெல் ரகங்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே தூங்கிப்போனார். சாவி வந்தபோது எழுப்ப மனமில்லை. கல்வெட்டை அன்று பார்த்தேன்தான், ஆனால் வீட்டுக்கு வந்து எழுதி வைத்தது நெல் பெயர்களை.

பலாக்கொட்டை

நான் ஆலங்குடிப் பக்கம். எங்க ஊர்ல சுத்திப் பாக்கறதுக்காக யாரும் சைக்கிள் எடுக்கறதில்லை. 2018 நவம்பர் 16 கஜா புயல் அடிச்சுட்டுப் போச்சு, அதுக்கு மறுநாள் எடுத்தேன். கீரமங்கலத்துல அத்தை வீடு. போன் இல்லை, கரண்ட் இல்லை. ரோடு முழுக்கத் தென்னையும் பலாவும் விழுந்து கிடக்கு, பைக் போகாது. சைக்கிளைத் தோள்ல தூக்கி மரத்தைத் தாண்டி, ஏறி, பத்தடி மிதிச்சு, மறுபடி தூக்கி. எத்தனை மரம் தாண்டினேன்னு எண்ணலை.

குளமங்கலம் அய்யனார் கோயில்கிட்ட வந்தப்ப அந்தப் பெரிய குதிரையை நிமிந்து பாத்தேன். நின்னுக்கிட்டிருந்துச்சு. அதைத் தாண்டி ஒரு தோட்டத்துல ஒரு பெரியவர், வேரோட சாஞ்ச பலாமரத்து மேலயே உக்காந்திருந்தாரு. தண்ணி இருக்கான்னு கேட்டேன். சொம்பு குடுத்தாரு. "எங்க அப்பா வச்சது"ன்னாரு. வேற பேசலை. நான் சைக்கிளைத் தூக்கறப்ப எந்திரிச்சு வந்து பின்சக்கரத்தைப் பிடிச்சுத் தாண்டி விட்டாரு.

அத்தை வீட்ல எல்லாரும் நல்லா இருந்தாங்க. ஓடு மட்டும் போச்சு.

ஒத்தைக்கேரியர்

பலாக்கொட்டை, படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

கல்வெட்டு அண்ணே, குடுமியான்மலைக்கு நான் போகவே இல்லை. வெயில்ல சுருண்டு அன்னவாசல்ல பஸ்ல சைக்கிளை ஏத்திட்டேன். மன்னிச்சுருங்க. அந்த நெல் பேரையெல்லாம் இங்க போடுங்களேன்.

மாசி மகத்துக்குக் குளமங்கலம் வரலாம்னு இருக்கேன். கேரியர் வாங்கியாச்சு, ஸ்டாண்டும். ஆலங்குடி வழியில நெழல் எப்படி, இப்பவாவது மரம் வளந்திருக்கா?

பலாக்கொட்டை

கன்னு வச்சது ஆளுயரம் தாண்டிருச்சு. நெழலுக்குப் பத்தாது, காலையில ஏழுக்குள்ள வந்துருங்க. அத்தை வீட்ல சொல்லி வைக்கிறேன்.