‘ஆல்கல் ப்ளூம்’: ‘நீர்பூத்தல்’ என்று வைக்கலாமா?

வணக்கம் நண்பர்களே.

நுண்பாசி திடீரெனப் பெருகித் தண்ணீரையே நிறமாக்குவதை ஆங்கிலத்தில் ‘ஆல்கல் ப்ளூம்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு இந்தக் குழுவில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: பாசிப்பெருக்கம், பாசி மலர்ச்சி, பாசிப்பூப்பு. மூன்றிலும் எனக்கு மனம் ஒட்டவில்லை. ‘நீர்பூத்தல்’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. எங்கள் வீட்டுத் தொட்டியில் பட்ட பாட்டிலிருந்து வந்தது இது.

திருநகரில் எங்கள் கொல்லையில் 10 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி ஆழத்தில் ஒரு சிமெண்ட் தொட்டி. 5,000 லிட்டர் பிடிக்கும். ரோகு மீன் விட்டிருந்தேன். போன சித்திரை வெயிலில் நாலே நாளில் தண்ணீர் பச்சையாகிவிட்டது. முழங்கை வரை கையை விட்டால் விரல் தெரியாது. கண்ணாடி டம்ளரில் மொண்டு வெயிலில் பிடித்தேன். அடியில் எதுவும் தங்கவில்லை, டம்ளர் முழுக்க இளம்பச்சை. சுவரைத் தடவினால் வழுக்கல்கூட இல்லை. வண்ணமீன் கடைக்குப் போய் “பாசி பிடிச்சிருச்சு” என்றேன். வேறு எப்படிச் சொல்வது? மயில்துத்தம் (செம்பு சல்பேட்) கரைத்து ஊற்றச் சொன்னார்கள், ஊற்றினேன். மறுநாள் பச்சை வெளுத்துப் பழுப்பானது. அடுத்த விடியலில் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. எட்டு மணிக்குள் பாதிக்கு மேல் மிதந்துவிட்டன.

பாசி ஒரேயடியாகச் செத்து அழுகினால், அதைத் தின்னும் பாக்டீரியா தண்ணீரின் ஆக்சிஜனை எடுத்துவிடும். துத்தத்தில் உள்ள செம்பு மீனின் செவுளையும் கெடுக்கும். துத்தம் போடாவிட்டாலும் ஆபத்து விடியற்காலையில்தான்: பகலில் ஆக்சிஜன் விடும் பாசி இரவில் அதையே எடுத்துக்கொள்கிறது.

சுவரில் பாசி பிடிப்பது வேறு, நூல்பாசி படர்வது வேறு, தண்ணீரே பச்சையாவது வேறு. முதல் இரண்டையும் பிரஷ்ஷாலோ கையாலோ எடுத்துவிடலாம். மூன்றாவது வலையில் நிற்காது. ‘பாசிப்பெருக்கம்’ மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. ‘மலர்ச்சி’ முகத்துக்குச் சரி, மீன் சாகிற இடத்தில் வேண்டாம். ‘பூப்பு’ என்றதும் சடங்கு வீட்டுப் பந்தல்தான் நினைவுக்கு வரும்.

ஆனால் ‘பூத்தல்’ என்ற வினையை விட எனக்கு மனமில்லை. அது ‘ப்ளூம்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்து எடுத்தது என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அப்படியில்லை. சுவரில் உப்புப் பூக்கிறது, ஊறுகாயில் பூஞ்சணம் பூக்கிறது, நெருப்பில் நீறு பூக்கிறது, மேனியில் பசலை பூக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருந்தது மேலெல்லாம் நிறமாக வெளிப்படுவதை நாம் எப்போதும் இப்படித்தான் சொல்லிவந்திருக்கிறோம். தொட்டியைப் பார்த்து அம்மாவும், “தண்ணி பூத்துப் போச்சுடா” என்றார். அம்மா மேலூர்ப் பக்கம், ஊருணியில் தண்ணீர் எடுத்து வளர்ந்தவர். மண்டபம், பாம்பன் மீனவர்கள் கடலில் வரும் இந்தப் பச்சையைப் ‘பூங்கோரை’ என்கிறார்கள். 2019 செப்டம்பரில் அது வந்தபோது அங்கே மீன்கள் செத்து ஒதுங்கின. அந்தச் சொல்லிலும் பூ இருக்கிறது, பாருங்கள்.

அம்மா சொன்னதில் எழுவாய் தண்ணீர். அறிவியலுக்கும் அதுவே பொருந்துகிறது. நீலப்பச்சைப் பாசி என்று நாம் சொல்வது உண்மையில் பாக்டீரியா. கடலைப் பச்சையாக்கும் நாக்டிலூகாவோ தன் உடலுக்குள் வேறொரு பச்சை உயிரியைக் குடிவைத்திருக்கும் ஒருசெல் உயிரி. ‘பாசி’ என்று தொடங்கினால் இவையெல்லாம் வெளியே நிற்கும். ‘நீர்’ என்றால் தொட்டி, கண்மாய், கடல் எல்லாவற்றுக்கும் ஆகும். வினையாகவும் புழங்கும்: நீர் பூத்துவிட்டது, நீர்பூத்த கண்மாய். நீர் எழுவாய் என்பதால் நடுவில் ‘ப்’ மிகாது. மிகவிட்டால் ‘நீர்ப்பூ’ என்றாகி அல்லியும் தாமரையும் வந்து நின்றுவிடும், அதை மட்டும் கவனமாக எழுதவேண்டும்.

தொட்டியில் இது ஏன் வந்தது, இப்போது என்ன செய்கிறேன் என்றால்: மிஞ்சிய தீனியிலும் மீன் கழிவிலும் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும், அதோடு வெயிலும் சேர்ந்தால் நீர் பூக்கும். இப்போது பாதித் தொட்டிக்கு மேல் அல்லி இலை நிழல். ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுக்குத்தான் தீனி. வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரைத் தென்னைக்குத் திருப்பிவிட்டுப் புதிது விடுகிறேன். துத்தம் தொடுவதில்லை.

மண்டபம் பக்கம் உறவுக்காரர்கள் இருப்பவர்கள், ‘பூங்கோரை’யைக் குளத்துக்கும் சொல்வார்களா, கடலுக்கு மட்டும்தானா என்று கேட்டு எழுதுங்கள். குளத்துக்கும் உண்டு என்றால் என் சொல்லை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.