மாமா வீட்டு அலமாரியில் ‘தி ஃபேஸ்’: அப்படி என்ன இருக்கிறது இதில்?

பொங்கோல் மாணவி:

சிங்கப்பூரின் அங் மோ கியோவில் மாமாவின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறோம். அலமாரியின் அடித்தட்டில் ராஃபியா கயிற்றால் கட்டிய ஒரு கட்டு கிடைத்தது. ‘தி ஃபேஸ்’ என்ற லண்டன் மாத இதழ், 1983 முதல் 1986 வரை, 22 பிரதிகள். பழைய பொருள் வாங்கும் காராங் கூனிக்காரருக்காக ஒதுக்கிய நாளிதழ்களோடு அதையும் சேர்த்துவிட்டேன். என்னிடம் ஒருநாளும் குரலை உயர்த்தாத மாமா, “அதைக் கீழே வை” என்றார். காரணம் கேட்டால் “உனக்குப் புரியாது” என்கிறார்.

நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் வடிவமைப்புப் படிக்கிறேன். இதன் பக்கங்களை வடிவமைத்த நெவில் பிரோடி என்ற பெயரை விரிவுரையாளர் ஒரு வகுப்பில் சொல்லிவிட்டுக் கடந்துபோனார். எனக்கு இவை பழைய பாடகர்களின் படங்களாகத்தான் தெரிகின்றன. அந்தக் காலத்தில் வாங்கிப் படித்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

ஒட்டுமேசைக்காரன்:

அம்மா, முதலில் அந்தக் கட்டைக் குப்பையிலிருந்து எடுத்துத் தனியாக வையுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

1982இல் ஓர் அச்சகத்தில் பக்கம் ஒட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். கணினி கிடையாது. எழுத்துகள் நீளநீளமான தாள்களாக வரும். கத்தியால் வெட்டி, பின்புறம் மெழுகு பூசி, நீலக்கோடு போட்ட அட்டையில் ஒட்ட வேண்டும். அரை மில்லிமீட்டர் சாய்ந்தாலும் மேற்பார்வையாளர் காதைச் சுண்டுவார். நேராக ஒட்டுவதே பிழைப்பாக இருந்தவன் கையில் இந்த இதழ் சிக்கியது. தலைப்பு பக்கவாட்டில் படுத்துக் கிடக்கிறது, பக்கத்துக்கு நடுவே ஏதேதோ குறியீடுகள், எந்த எழுத்துப் பட்டியலிலும் இல்லாத எழுத்துகள். பிரோடி கையால் வரைந்தவை. 1981 முதல் 1986 வரை அவர்தான் அங்கே கலை இயக்குநர். அவரும் என்னைப்போல் கணினி இல்லாமல்தான் பக்கம் செய்தார் என்று தெரிந்தபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது.

இதழ்கள் கப்பலில் வரும். லண்டனில் வெளியாகி இரண்டு மூன்று மாதம் கழித்து ஆர்ச்சர்ட் ரோட்டுக் கடையில் பார்க்கலாம். விமானத்தில் வந்த பிரதி என் சம்பளத்துக்கு எட்டாது. ஓர் இதழில், பொருளடக்கப் பக்கத்தில் ‘கன்டென்ட்ஸ்’ என்ற சொல் கொஞ்சம் சிதைந்திருந்தது. அச்சுத்தகடு பழுது என்று நினைத்துக்கொண்டேன். தொழில் புத்தி. அடுத்து வந்ததில் இன்னும் தேய்ந்திருந்தது. கையிலிருந்தவற்றைத் தரையில் வரிசையாகப் பரப்பிய இரவில்தான் பிடிபட்டது. மனிதர் வேண்டுமென்றே அந்தச் சொல்லை மாதாமாதம் கரைத்துக்கொண்டு வருகிறார்! எதுவரை போனாலும் வாசகன் அதைப் படித்துவிடுவான் என்று சோதித்துப் பார்க்கிறார். ஓர் இதழ் மட்டும் வாங்கியவனுக்கு இந்த விளையாட்டே தெரியாது.

இதழைத் தொடங்கியவர் நிக் லோகன். 1970களில் ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ வார இதழின் ஆசிரியர், 1978இல் ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’ தொடங்கி வெற்றி கண்டவர். இசை இதழ் என்றால் கையில் மை ஒட்டும் மட்டத் தாள்தான் என்றிருந்த காலம். பாடகர்களின் படம் நல்ல வழவழப்பான தாளில் வர வேண்டும் என்று ஆசைப்பட்டு, சொந்தச் சேமிப்பைப் போட்டு 1980 மே மாதம் முதல் இதழைக் கொண்டுவந்தார். அட்டையில் ‘தி ஸ்பெஷல்ஸ்’ இசைக்குழுவின் ஜெர்ரி டேமர்ஸ்.

நானும் ஒரு முறை சொல்லைக் கரைக்கும் இந்த வித்தையைத் தமிழில் செய்து பார்த்தேன். ஒரு சங்கத்தின் ஆண்டு மலருக்கு அட்டை. ‘இளைஞர்’ என்ற சொல்லில் ‘ஞ’வின் வளைவைக் கத்தியால் பாதி சீவிவிட்டேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்துவிட்டு, “தம்பி, ஞ எங்கே போனது?” என்றார். இரவோடு இரவாக ஒட்டிக் கொடுத்தேன்.

புத்தகக்கடை அக்கா:

அண்ணன் சொன்னது சரிதான், ஆனால் எழுத்து வடிவத்தோடு நிறுத்திவிட்டார். என்னைப் பிடித்தது உடைகள். மாணவி, 1985 மார்ச் இதழ் இருக்கிறதா பாருங்கள். அட்டையில் தொப்பியோடு ஒரு சிறுவன், தொப்பியில் செருகிய தாளில் ‘கில்லர்’ என்ற சொல். படம் ஜேமி மார்கன், உடையலங்காரம் ரே பெட்ரி. பெரிய நிறுவனத்தின் புது ஆடை வேண்டாம், தெருவில் கிடைப்பதைச் சேர்த்து உடுத்தினாலே கம்பீரம் என்று காட்டியவர் பெட்ரி. நீளமுடி வைத்த ஆண்களை அலுவலகங்களில் கடைசியாகக் கவனிப்போம் என்று சுவரொட்டி ஒட்டியிருந்த இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பிரோடி போன பிறகும் இதழ் சாகவில்லை. 1990 ஜூலை அட்டையில் இறகுக் கிரீடம் வைத்துச் சிரிக்கும் 16 வயது மாடல் கேட் மோஸ், படம் எடுத்தவர் கொரின் டே. 1992இல் நடிகர் ஜேசன் டோனவன் இதழ்மீது தொடுத்த அவதூறு வழக்கில் 200,000 பவுண்ட் நட்டஈடு என்று தீர்ப்பு வந்தது. இதழ் மூழ்கும் நிலை. வாசகர்கள் பணம் அனுப்பினார்கள், டோனவனும் தொகையைக் குறைத்துக்கொள்ள இசைந்தார். இத்தனைக்கும் வழக்கில் நியாயம் அவர் பக்கம் என்பதே என் கருத்து. 1999இல் லோகன் விற்றார், 2004இல் நின்றது. கடைசிக் காலத்து இதழ்களை ஹாலண்ட் வில்லேஜ் தம்பி மேகசின் ஸ்டோரில் வாங்கினேன். அந்தக் கடையும் 2024இல் மூடப்பட்டது. இதழ் மட்டும் 2019இல் மறுபடி எழுந்துவிட்டது.

ராமபாணம்:

நடைமுறை யோசனை ஒன்று. வழவழப்புத் தாள் ஈரம் பட்டுக் காய்ந்தால் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். நம் ஊர்ப் புழுக்கம் வேறு. இழுத்துப் பிரிக்காதீர்கள், படம் உரிந்து வந்துவிடும். கட்டில் ‘பிக்ஓ’ ஏதாவது இருந்தால் அதையும் விடாதீர்கள். 1985இல் இங்கேயே நகலெடுத்து விற்கத் தொடங்கிய இசை இதழ் அது. லண்டன்காரர்களை உலகம் பார்த்துக்கொள்ளும், அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

பொங்கோல் மாணவி:

‘பிக்ஓ’ இல்லை. தொப்பிச் சிறுவன் இருக்கிறான். பொருளடக்கப் பக்கங்களைக் கூடத்துத் தரையில் பரப்பினேன். உண்மைதான், சொல் கரைகிறது. மாமா வந்து நின்று பார்த்தார். பிறகு சம்மணமிட்டு உட்கார்ந்து, நான் மாற்றி வைத்திருந்த இரண்டை இடம் மாற்றினார். நடுவில் ஓர் இடத்தைக் கையால் தடவி, “இங்கே ஒன்று வர வேண்டும்” என்றார். அந்த மாதம் அவர் தேசிய சேவைக்காக ராணுவ முகாமில் இருந்தாராம். வாங்கி வைக்கச் சொல்லிக் காசு கொடுத்திருந்தும் அக்காள் மறந்துவிட்டாளாம். அக்காள் என்றால் என் அம்மா. அவர் சமையலறையிலிருந்து, “கடையில் இல்லையென்று அன்றைக்கே சொன்னேன்” என்றார்.