காற்றுச் சுரங்கத்துக்குப் பூட்டா?

உச்சிப்புளிராசா: விமானம் செய்ய, மாதிரியை உள்ளே வைத்து அதன் மேல் காற்றை ஊதிப் பார்க்கும் காற்றுச் சுரங்கம் இனிமேல் எதற்கு? போயிங் 767-க்கு 77 இறக்கை மாதிரிகளைச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 787-க்கு வெறும் 11. மீதியெல்லாம் கணினிக் கணக்கு. பத்து வருடத்தில் எல்லாச் சுரங்கத்துக்கும் பூட்டுதான்.

மண்டபத்தான்: படித்ததும் டீ கசந்துவிட்டது. 11 என்றால் 0-வா தம்பி? அந்த 11-ஐ ஏன் விட்டுவைத்தார்கள்?

உச்சிப்புளிராசா: 77 எப்படி 11 ஆச்சு, அதை நீங்கள் சொல்லுங்கள் அண்ணே.

பாம்பன்காற்று: ராசா சொல்வதில் தப்பில்லை. மாதிரி செய்யவே காசு தண்ணீராய்ப் போகும். கணினியில் இறக்கையை இஷ்டத்துக்கு வளைத்துப் பார்க்கலாம்.

மண்டபத்தான்: வளைக்கலாம். ஆனால் விமானம் இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப் என்ற மடலை விரித்து, மூக்கைத் தூக்கி இறங்கும்போது காற்று இறக்கையை விட்டுப் பிய்த்துக்கொள்ளுமே, அங்கேதான் கணக்கு தடுமாறும். பாய் வள்ளத்தில் பார்த்ததில்லையா? பாயை மிஞ்சி இறுக்கினால் பின்பக்கம் காற்று ஒட்டாது; வள்ளம் ஓடாமல் சாய்ந்து திணறும். அந்தச் சுழலைக் கணக்கிட இன்றைய கணினிக்கும் மூச்சு முட்டும். ஜெர்மனியில் கொலோன் சுரங்கத்தில் நைட்ரஜனை மைனஸ் 160 டிகிரி வரை குளிரவைத்து ஊதுகிறார்கள், சின்ன மாதிரியிலும் பெரிய விமானத்தின் காற்றோட்டம் கிடைக்கட்டும் என்று. உன் 787-க்கே சுமார் 15,000 மணி நேரம் சுரங்கம் ஓடியது. வெறும் 11-ஆம்!

உச்சிப்புளிராசா: மணிக்கணக்கை யார் கேட்டது? நான் சொன்னது 11.

கீழக்கரையான்: அண்ணன் எப்போது பாய் வள்ளம் ஓட்டினாராம்? போன ஆடிக் கச்சான் காற்றில் குந்துகால் கரையில் நின்றே வாந்தி எடுத்தவர்.

மண்டபத்தான்: அது பரோட்டா. பேச்சை மாற்றாதே.

தங்கச்சிமடம்7: காற்றை நேரில் அளக்கத்தான் வேண்டும். நம் பழைய பாம்பன் பாலத்திலேயே காற்றுமானி வைத்து, 58 கிலோமீட்டர் வேகம் தாண்டினால் ரயிலை நிறுத்தினார்கள்.

உச்சிப்புளிராசா: பாலம் பறக்குமா?

தங்கச்சிமடம்7: பாதி படித்துவிட்டுப் பேசாதே.

மண்டபத்தான்: ரைட் சகோதரர்களும், இறக்கையைக் காற்று எவ்வளவு தூக்கும் என்று அச்சடித்த அட்டவணையை நம்பித்தான் கிளைடர் செய்தார்கள். அது ஏமாற்றவே, 1901-ல் ஒரு மரப்பெட்டிக்குள் காற்றை ஊதி, 200 இறக்கை வடிவங்கள் வரை பார்த்தார்கள்.

உச்சிப்புளிராசா: அப்போது கணினி இல்லை. இருந்திருந்தால் 200-ம் 11 ஆகியிருக்கும். அப்புறம், என் தெர்மாகோல் விமானத்தை அரிச்சல்முனையில் கடலுக்குக் கொடுத்தவர் காற்றைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்!

மண்டபத்தான்: அதன் இறக்கை உன் கணினி சொன்ன வடிவம். கையை விட்டதும் குப்புற விழுந்தது. நானா தள்ளினேன்?

உச்சிப்புளிராசா: 600 ரூபாய் இன்னும் வரவில்லை.

கீழக்கரையான்: அண்ணே, பரோட்டா எந்தக் கடை?