8 ஜிபி ராமில் பாதி எங்கே போனது?

வணக்கம் நண்பர்களே. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சின்னக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். கணக்கு எழுதப் போன மாதம் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினேன். ராம் 8 ஜிபி என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் எக்செல்லோடு பிரௌசரையும் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது.

செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபவுட் என்று போய்ப் பார்த்தேன். 8.00 ஜிபி என்று போட்டு, பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 3.24 ஜிபிதான் பயன்படும் என்கிறது. ஏமாந்துவிட்டோமோ என்று மூடியைக் கழற்றினேன். உள்ளே வெள்ளிப் பொடியும் தூசியும் ஒரு பிடி தேறும்! துடைத்துப் பார்த்தால் இரண்டு ராம் கார்டு, ஒவ்வொன்றின் ஸ்டிக்கரிலும் 4 ஜிபி, பிசி3-12800. கொடுத்தவர் பொய் சொல்லவில்லை.

அதே அபவுட் பக்கத்தில், கீழே, 32-பிட் விண்டோஸ் 10, ஆனால் பிராசஸர் 64-பிட் என்று இருக்கிறது. 32-பிட்டுக்கு 4 ஜிபிக்கு மேல் எட்டாது என்கிறான் அக்கா மகன். கடைக்காரரோ இன்னொரு ராம் வாங்கச் சொல்கிறார். இருப்பதே இரண்டு ஸ்லாட், எங்கே சொருகுவது?

64-பிட்டுக்கு மாற்றினால் சி டிரைவை அழித்துத்தான் ஆக வேண்டுமா? பழைய லைசென்ஸ் போதுமா? பில் பிரிண்டருக்கு டிரைவர் புதிதாகத் தேட வேண்டியிருக்குமா? மாற்றிப் பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.