மல்டிடூலைக் காட்டுக்கு ஏற்றபடி நானே மாற்றினால் தாங்குமா?

லயத்துப்பையன்:

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் கடையில் வேலை செய்கிறேன். போன மாதம் நாலு பேர் சேர்ந்து தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் ஆற்றுக்குப் போனோம். மேலே மலையில் எங்கேயோ மழை, இங்கே ஒரு தூறல்கூட இல்லை, ஆனால் அரை மணி நேரத்தில் தண்ணீர் ஏறிவிட்டது, இந்தப் பக்கம் வர வழியில்லாமல் இராத்திரி முழுக்க அக்கரையிலேயே உட்கார்ந்திருந்தோம். அதற்குள் மழை எங்களிடமும் வந்துவிட்டது. கையில் இருந்தது பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய, பிளையரும் கத்தியும் சேர்ந்து மடங்கும் ஒரு மல்டிடூலும், உரசினால் பொறி பறக்கும் ஒரு ஃபெரோ குச்சியும்தான். கத்தியின் முதுகால் உரசு உரசு என்று உரசியும் பொறி சரியாக வரவில்லை, வந்த நாலு பொறியும் ஈர இலையில் விழுந்து செத்துப் போயிற்று. விடியும்வரை கொசுவுக்கும் அட்டைக்கும் விருந்து வைத்தோம்.

அதனால் இந்த மல்டிடூலைப் பிரித்து மாற்றப் போகிறேன். கத்தரிக்கோல், டின் ஓப்பனர் இரண்டையும் எடுத்துவிட்டு நீளமான ரம்பம் ஒன்று. கைப்பிடி ஓரத்தில் குச்சியைச் செருக ஒரு சின்னக் குழாயை வெல்டிங் அடிப்பது. பிளாஸ்டிக் மூடிக்குப் பதிலாகப் பித்தளைத் தகடு, பார்க்கவும் அழகாக இருக்கும். கத்தி முதுகை கிரைண்டரில் தேய்த்துக் கூர்மூலையாக்குவது. கடையில் எல்லா மெஷினும் இருக்கிறது, முதலாளியும் ஒன்றும் சொல்ல மாட்டார். யாராவது இப்படிச் செய்து பார்த்திருக்கிறீர்களா?

பழைய ஃபிட்டர்:

தம்பி, வெல்டிங்கை முதலில் மறந்துவிடு. கத்திக்கு உயிரே அதன் பதம்தான், அந்தச் சூடு பக்கத்தில் போனாலே பதம் இறங்கிவிடும், அப்புறம் எத்தனை தடவை தீட்டினாலும் முனை நிற்காது. சாதாரண எஃகாக இருந்தால் 230 டிகிரி வாக்கில் வைக்கோல் நிறமும் 300 வாக்கில் நீலமும் தெரியும், நம் ஆட்கள் அதைப் பார்த்துத்தான் பாராங் என்ற பெரிய வெட்டுக்கத்திக்குப் பதம் வைப்பார்கள். துருப்பிடிக்காத எஃகில் அந்த நிறம் பிந்தித்தான் தெரியும். நீ நிறம் வரட்டும் என்று காத்திருந்தால் கத்தி போயே போச்சு. கிரைண்டரில் தேய்ப்பதானால் கையுறை போடாமல் பிடி, விரல் சுட்டால் உடனே தண்ணீரில் முக்கு, அதுதான் அளவு. கண்ணாடியை மட்டும் கட்டாயம் போட்டுக்கொள்.

இன்னொன்று, கத்தியின் முதுகைத் தொடவே வேண்டாம். அழுத்தி வெட்டும்போது கட்டைவிரல் அங்கேதான் உட்காரும், அதைக் கூர்மூலையாக்கினால் உன் விரல்தான் கிழியும். ரம்பத்தின் முதுகைத் தேய். அதை யாரும் விரலால் அழுத்துவதில்லை, அடிப்பக்கம் இரண்டு சென்டிமீட்டர் போதும், கிரைண்டர்கூட வேண்டாம், வைர அரமும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் ஒரு சாயங்கால வேலை. பொறி எஃகிலிருந்து வருவதில்லை தம்பி, குச்சியிலிருந்து வருகிறது. அது சீரியமும் இரும்பும் கலந்த உலோகம், 1903-இல் ஆஸ்திரியாக்காரர் ஆவர் ஃபொன் வெல்ஸ்பாக் கண்டுபிடித்தது. அதிலிருந்து சுரண்டி வரும் துகள் காற்றுப் பட்டதும் தானே எரிகிறது, ஏறக்குறைய 3000 டிகிரி என்பார்கள். அதைச் சுரண்டத்தான் உனக்குக் கூர்மூலை வேண்டும். உருண்டையான முதுகு சுரண்டாது, தடவும். அன்று நடந்தது அதுதான்.

நீள ரம்பம் கனவு. மூடினால் 10 சென்டிமீட்டர் இருக்கிற டூலுக்குள் அதைவிட நீளமானது எப்படி மடங்கி உட்காரும்? அப்புறம் கத்தரிக்கோலைக் கழற்றினால் அதே கனத்துக்கு ஒரு வாஷர் போட்டுத்தான் ஆகவேண்டும், இல்லையென்றால் மற்ற எல்லாமே லொடலொட என்று ஆடும்.

மலையேறி:

நாலு பேரில் ஒருவரிடம்கூட ஒரு லைட்டர் இல்லையா? ஒரு வெள்ளி (ரிங்கிட்) லா அது.

சரி, கிண்டல் போதும். நான் சொல்வது ஃபிட்டர் அண்ணனுக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்கிறேன், நம் காட்டில் உயிர் காப்பது மல்டிடூல் இல்லை, பாராங். டிம் லெதர்மேன் என்ற அமெரிக்கர் 1975-இல் மனைவியோடு ஐரோப்பாவைச் சுற்றும்போது அவருடைய பழைய ஃபியட் காரும் ஓட்டல் தண்ணீர்க் குழாய்களும் படுத்திய பாட்டில்தான் பிளையர் வைத்த மடக்குக்கத்தி யோசனையே அவருக்கு வந்தது. 1983-இல் விற்பனைக்கு வந்தபோது பாக்கெட் சர்வைவல் டூல் என்று பெயர் வைத்தார்கள், பெயரில்தான் சர்வைவல், பிறந்தது ரிப்பேர் வேலைக்கு. மழைக்குப் பிறகு நம் காட்டில் தரையில் கிடக்கும் கட்டை எல்லாம் பஞ்சு மாதிரி நீர் குடித்திருக்கும். நின்றபடியே காய்ந்த மரத்தைப் பார்த்து வெட்டி, பிளந்து, நடுவில் இருக்கும் காய்ந்த பாகத்தை எடுத்தால்தான் நெருப்பு. மடக்குக்கத்தியின் முதுகில் கட்டையால் அடித்துப் பிளக்கப் பார்த்தால் பூட்டு உடையும், விரலும் போகும்.

ஆனால் பாராங்கை டவுனில் இடுப்பில் தொங்கவிட்டுத் திரியாதே. 1958-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி பொது இடத்தில் அதற்குத் தகுந்த காரணம் வேண்டும். உறை போட்டு, பைக்குள் வைத்துக்கொண்டு போ. ரிசர்வ் காட்டுக்குள் போவதென்றால் வன இலாகா அனுமதியும் வேண்டும், அது கையில் இருந்தால் கேட்கிற போலீஸ்காரருக்குப் பதில் சொல்வதும் சுலபம்.

பழைய ஃபிட்டர்:

பிடிக்காமல் என்ன, பாதி சரிதான். ஆனால் பாராங்கால் அறுந்துபோன செருப்பு வாரைக் கம்பி போட்டுக் கட்ட முடியுமா? கொதிக்கிற மங்குப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்க முடியுமா? காட்டில் பாதி நேரம் உடைந்ததைச் சரிசெய்வதில்தான் போகிறது.

பால்காட்டுப் பெண்:

இரண்டு பேரும் சண்டையை நிறுத்துங்கள். அம்மா இருபத்தைந்து வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டினவர், நானும் பள்ளி விடுமுறையில் கூடவே போய் பால் பிடிக்கும் மங்கு துடைத்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் தெரியும்.

தம்பி, உனக்குப் பொறி வந்தாலும் அன்று நெருப்பு வந்திருக்காது. வெட்டுக்கோட்டில் காய்ந்து நாடா மாதிரி உரிந்து வருமே, அந்தக் கோட்டுப்பாலை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்துக்கொள். அம்மா மழைக்காலத்தில் விறகு அடுப்பை அதை வைத்துத்தான் பற்றவைப்பார். கரும்புகை வரும், நாற்றம் அடிக்கும், ஆனால் தண்ணீர் பட்டாலும் லேசில் அணையாது. ஒன்று மட்டும் கவனி, வெறும் பொறி அதில் பிடிக்காது. முதலில் வாஸ்லின் தடவிய பஞ்சைப் பிய்த்துப் பொறியைப் பிடிக்க வை, அந்தச் சுடரில் பாலைக் காட்டு. கோட்டுப்பால் கிடைக்காவிட்டால் பழைய சைக்கிள் ட்யூபை நறுக்கு. உனக்குக் கடையிலேயே குப்பை குப்பையாகக் கிடக்குமே. அதே ட்யூபை வளையமாக வெட்டிக் குச்சியைக் கைப்பிடியோடு சேர்த்து மாட்டிவிட்டால் வெல்டிங்கும் தேவையில்லை.

பித்தளை வேண்டவே வேண்டாம். பால் உறையாமல் இருக்கத் தோட்டத்தில் அமோனியா ஊற்றுகிறார்கள், அது பித்தளையைப் பச்சை பிடிக்க வைக்கும், நாளடைவில் விரிசலும் விடும். பால் ஸ்டோர் பக்கம் போகிறவர்கள் யாரும் பித்தளைச் சாமான் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

கத்தரிக்கோலை எடுக்காதே, கட்டுத்துணி வெட்ட அதுதான். வேண்டுமானால் டின் ஓப்பனரை எடுத்துவிட்டு முனை மெல்லிய ட்வீஸர் ஒன்று வை. செம்பனை மட்டை முள் உள்ளே உடைந்து மூட்டுக்குப் பக்கத்தில் தங்கிவிட்டால் விரல் வீங்கி மடக்க முடியாமல் போகும், என் தம்பிக்கு அப்படி ஆகி ஆஸ்பத்திரியில் கீறித்தான் எடுத்தார்கள்.

லயத்துப்பையன்:

ரொம்ப நன்றி. வெல்டிங், பித்தளை, நீள ரம்பம் மூன்றும் ரத்து. நேற்று ராத்திரி ரம்பத்தின் முதுகை மட்டும் வைர அரத்தால் தேய்த்தேன், நாற்பது நிமிடம் ஆனது, கை வலி. முதல் உரசலிலேயே பொறி கொட்டியது, அம்மா சமையலறையிலிருந்து சத்தம் போட்டார்.

லைட்டர் விஷயம்: இருந்தது, நனைந்துவிட்டது. கூட வந்தவன் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே ஆற்றில் குதித்தான். அவன் பெயரைச் சொல்ல மாட்டேன், அவனும் இதைப் படிக்கிறான்.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. பிரிக்கப் பார்த்தால் நட்சத்திரத் தலைத் திருகு, நடுவில் ஒரு சின்ன முளை இருக்கிறது. கடையில் இருக்கும் டோர்க்ஸ் உள்ளே போக மாட்டேன் என்கிறது.

பழைய ஃபிட்டர்:

அது நடுவில் துளை உள்ள டோர்க்ஸ் பிட் கேட்கும். செட்டாகத்தான் விற்பார்கள், உன் கடைக்கு உதிரிப் பாகம் போடுகிறவரிடமே சொல்லி வை. கழற்றும்போது கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள், வாஷர் ஒன்று உருண்டு போனால் லயத்து வாசலில் தேடிக் கிடைக்காது.