புதுப்பிப்பு: பழைய ஆம்ப்ளிஃபயருக்கு ரிமோட் வால்யூம்

என் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரின் ஒலியளவை உட்கார்ந்த இடத்திலிருந்தே மாற்ற, டிஜிட்டல் வால்யூம் ஐசி (ஒலியளவை மின்னணு முறையில் மாற்றும் சிப்) பொருத்துவதா, மோட்டார் வைத்த வால்யூம் கண்ட்ரோலா என்று முன்பு கேட்டிருந்தேன். ஒலி செல்லும் பாதை பழையபடியே இருக்கும், குமிழைக் கையாலும் திருப்பலாம் என்பதால் இரண்டாவதையே தேர்ந்தெடுத்தேன்.

பழையதைப் போலவே 50 கிலோ ஓம், லாக் வகை (காதுக்கு ஒலி சீராகக் கூடுவதுபோல் கேட்கும் வகை), இடது வலது இரண்டையும் சேர்த்து மாற்றும் இரட்டைக் கண்ட்ரோல் வாங்கினேன். ரிமோட்டிலிருந்து 38 கிலோஹெர்ட்ஸ் அகச்சிவப்பு உணரி பெறும் சிக்னலை ஆர்டுயினோ நானோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை படிக்க, மோட்டார்களை இயக்கும் சிப்பான எல்293டி ஐசி மோட்டாரை இரு திசையிலும் சுழற்றுகிறது. அந்த ஐசி சுமார் இரண்டு வோல்ட்டைத் தானே விழுங்கிவிடுவதால் குமிழ் மெதுவாகத்தான் நகர்கிறது. உண்மையில் அதுவே வசதியாக இருக்கிறது. குமிழ் கடைசி வரை போய் முட்டினாலும், உள்ளிருக்கும் வழுக்கும் கிளட்ச் மோட்டாரைக் காப்பாற்றிவிடுகிறது.

பாடாய்ப் படுத்தியது இரைச்சல்தான். மோட்டார் சுழலும்போதெல்லாம் இடது ஸ்பீக்கரில் ‘கிர்ர்’ என்று கேட்டது. மோட்டாரின் இரு முனைகளுக்குக் குறுக்கே 100 நானோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டரைப் பற்றவைத்து, 5 வோல்ட்டுக்குத் தனி அடாப்டர் கொடுத்து, மோட்டார் ஒயர்களை ஒன்றோடொன்று முறுக்கி உள்ளீட்டு ஒயர்களிலிருந்து விலக்கிய பிறகே அது அடங்கியது.

பழைய அலுமினியக் குமிழும் அப்படியே பொருந்திவிட்டது. பொருந்தாமல் போயிருந்தால் இந்த வேலையையே கைவிட்டிருப்பேன்.